கோடு இருந்த இடம்

என் வீட்டுக்காரர் மிலிட்டரியில் டிரைவர். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர். பொங்கல் லீவில் வந்தபோது, கேண்டீன் ரம்மை என் தம்பியோடு உட்கார்ந்து குடித்துவிட்டு, அவனுடைய மோட்டார் சைக்கிளில் திருமானூர் ரோட்டில் வந்திருக்கிறார். முன்னால் போன கரும்பு வண்டியில் மோதி, வண்டிக்காரருக்குக் கை முறிந்தது. போலீஸ் கேஸாகிவிட்டது.

“பனிமலையில லாரி ஓட்டுறவருக்கு நம்மூரு மாட்டு வண்டி தெரியலீங்களா சார்?” என்று ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் அதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்.

தம்பி ஜாமீன் போட்டு அழைத்துவந்தான். அபராதத்தைக் கட்டினால் தீர்ந்தது என்றார்கள் எல்லோரும். இவர் என்னிடம் மட்டும் சொன்னார்.

“கோர்ட்டுல முடிஞ்சாலும் அங்க முடியாது. யூனிட்டுக்குப் பேப்பர் போயிடும்.”

“என்னங்க பண்ணுவாங்க?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடந்தது. அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

அரியலூர் கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில், கையில் பதவிக் கோடு தைத்த யூனிஃபார்மைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். தம்பி யோசனைதான்.

“மாமா, இதப் போட்டுக்கிட்டு வாங்க. கை மேல ரெண்டு கோட்டப் பாத்தா ஜட்ஜய்யாவே வுட்டுருவாரு.”

“குடிச்சுட்டு மாட்டுனவனுக்கு அந்தத் துணி எதுக்கு மாப்ள?” என்று அதை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். அந்த வாரமே ரயிலேறினார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கெட்ட காலம். கடிதம் வரும். நலம், நலமறிய ஆவல், அவ்வளவுதான். ஜெயிலில் வைத்திருப்பார்களோ, சுட்டுவிடுவார்களோ என்றுகூட நினைத்தேன். ஐந்தாவதோடு நின்றவளுக்கு என்ன தெரியும்? யாரையாவது கேட்கலாம் என்றால், கேட்பதே சொல்வது மாதிரி. குழாயடியில் பெண்கள், “மிலிட்டரிக்காரர் பொண்டாட்டிக்கு என்ன கவல?” என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

பெரம்பலூரில் என்னை யாருக்கும் தெரியாது. அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிட்டையரான பட்டாளத்துக்காரர் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன்.

“பக்கத்து வூட்டுக்காரருக்குங்க...” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். “கோர்ட்டு தண்டிச்ச கேஸுக்கு அங்க மறுபடி விசாரணை வைக்க மாட்டாங்கம்மா. ஆனா சும்மாவும் வுட மாட்டாங்க. கர்னல் முன்னாடி நிக்கணும். அவரு மனசு வச்சா வேல போகாது. கோடு போனாலும் போகும். டிரைவர் வேற. இனிமே வண்டியத் தொட வுடுறது கஷ்டம்.” ஒட்டிய டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, “பக்கத்து வூட்டுக்காரருக்கு எத்தன கோடு?” என்றார்.

“ரெண்டுங்க.”

“தைரியமா இருக்கச் சொல்லுங்க அந்த வூட்டம்மாவ.”

திரும்பி வரும் பஸ்ஸில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தேன்.

அடுத்த லீவுக்கு வந்தார். எப்போதும் யூனிஃபார்மோடு தெருவில் நடந்து வருகிறவர், இந்தத் தடவை கட்டம் போட்ட சட்டையில் வந்தார். “வேல இருக்குல்லங்க?” என்றுதான் முதலில் கேட்டேன். “இருக்கு” என்றார். மறுநாள் தம்பி டிராக்டரைக் கொஞ்சம் நகர்த்தித் தரச் சொன்னான். “கை மறந்துபோச்சு மாப்ள” என்று உள்ளே வந்துவிட்டார்.

அவர் பெட்டியிலிருந்து யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். பச்சைச் சட்டை முழுக்க வெளுத்திருந்தது. கையில் கோடு இருந்த இடம் மட்டும் புதுத் துணி மாதிரி கரும்பச்சையாக, அதே வடிவத்தில். கொடியில் போட்டால் தெருவே பார்க்கும். அடுப்படிக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டேன்.

தண்ணீர் குடிக்க வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெயில்ல போடு. வெளுத்தா ஒண்ணாயிடும்.”

அந்த லீவு முடிகிற வரைக்கும் தினமும் அதை நனைத்து, அந்தக் கை மேலே தெரிகிற மாதிரி வெயிலில் போட்டேன்.