சூசையம்மாவின் மெழுகுத் தாச்சி

ஊர்காவற்றுறைக் கோயிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கித் திரும்ப வார்ப்பது சூசையம்மாவின் வேலை. 2007இல் சண்டையால் தெற்கிலிருந்து சாமான் வரும் பாதை பூட்டிக் கிடந்தது. புதுத் திரிக்கு எங்கே போவது? அவளுடைய கணவன் யாக்கோப்பு அதற்கு முந்தின வருடம் வலையோடு கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. செத்தவர்களுக்காக நவம்பரில் வரும் ஆத்துமாக்களின் திருநாளன்று, கல்லறைகள் உள்ள சேமக்காலையில், சிலுவையடியில் அவனுக்கு ஒரு திரி ஏற்றச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். அவள் மசியவில்லை. ஏற்றினால் அவன் செத்தவன் ஆகிவிடுவான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். ஒருநாள் பின்னேரம் திரி கேட்டு அவள் வீட்டுக்குப் போனபோது குசினிக்குள் கூப்பிட்டு, அடுப்பில் மெழுகு உருக்கும் தாச்சிச் சட்டியைக் காட்டினாள்.

"பாருங்கோ மாஸ்டர், வலை."

மெல்லிய நெருப்பில் உருகிய மெழுகின்மேல் திரிக்கரி கோடு கோடாகச் சேர்ந்து, ஐந்து மூலை, ஆறு மூலைக் கண்களாக நிறைந்திருந்தது. வலையேதான். ஆனால் கடலைப் பார்த்த ஓரத்தில் மட்டும் கண்கள் அறுந்து, கையகலத்துக்கு வெறுமையாக இருந்தது.

"எப்ப உருக்கினாலும் அந்தப் பக்கம்தான் அறுந்து கிடக்கும். தாச்சியைச் சுத்தி வைச்சும் பாத்தனான். அந்த ஓட்டையாலைதான் அவர் வெளியாலை தப்பிப் போயிருக்கிறார்."

எனக்கு விளக்கம் வந்துவிட்டது. அடியில் சூடான மெழுகு கண்ணின் நடுவால் மேலே வரும், ஆறியதும் ஓரத்தால் கீழே இறங்கும், இறங்கும் இடத்தில் கரி ஒதுங்கும் என்றேன். அந்தக் கிழிசல் வெறும் கடற்காற்று, யன்னலால் வந்து நெருப்பை மறுபக்கம் சாய்க்கிறது, அந்த ஓரத்துக்குச் சூடு போதாது என்றேன். அதோடு நின்றிருக்கலாம். எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் வெறுமையான இடத்தில் ஒரு கண் விழுந்தது. பிறகு இன்னொன்று. வலை முழுதாகிவிட்டது.

சூசையம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவர் வெளியாலை போகேல்லை."

அன்றிலிருந்து என் வீட்டுக் குசினி யன்னலைச் சாத்த எனக்குப் பயம். மழைக்கும் திறந்தே கிடக்கிறது.

அந்த நவம்பரில் சேமக்காலைக்கு என்னையும் வரச் சொன்னாள். சைவக்காரன் என்று சொல்லித் தப்ப மனம் வரவில்லை. சிலுவையடியில் யாக்கோப்பின் திரி இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது குச்சியைக் கிழிக்க முன் என்னைப் பார்த்தாள்.

"காத்து வராமல் மறைச்சுப் பிடியுங்கோ மாஸ்டர். உங்களுக்குத் தெரியும்தானே."

இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தேன். திரி எரிந்தது.