கடைசிக் குழாய் வரை

"உங்க தண்ணியில காபி போட்டா ஆஸ்பத்திரி வாசனை அடிக்குதுங்க மேடம்."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். காவிரிக் கரையில் ஒரு சிறிய நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த உதவிப் பொறியாளர். திருவையாற்றுப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம்.

"அந்த வாசனை இருந்தாதான் சார் எனக்கு நிம்மதி" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் ஊர்க் கூலியாட்கள் கூடுதல் நெல் கேட்டு அறுப்புக்குப் போகாமல் நின்றார்கள். சென்னையில் புதிய கட்சி ஆட்சிக்கு வந்திருந்த காலம். இனி எல்லாம் மாறிவிடும் என்று நம்பியவர்களில் என் அப்பாவும் ஒருவர். சங்கத்தில் முன்னால் நின்றவர். மிராசுதார் வீட்டார் பதிலுக்குச் செய்த முதல் காரியம், எங்கள் தெரு தண்ணீர் எடுத்துவந்த களத்துமேட்டுக் கிணற்றை முள் வெட்டிப் போட்டு அடைத்ததுதான். நாங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தோம். பத்து நாளில் தெருவில் வாந்திபேதி புகுந்தது. என் அண்ணனுக்குப் பதினான்கு வயது. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அம்மா மடியில் அடங்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, முள்ளை விலக்கி, கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். அதன்பின் எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. வெகுநாள் வரை அம்மா குடத்தை முகர்ந்து பார்த்து, மருந்து நெடி இருந்தால்தான் எங்களைக் குடிக்க விடுவாள்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதற்குள் அவர் புற ஊதா விளக்கைக் கொண்டுவந்துவிட்டார். கமிஷனரிடம் விடாமல் பேசி, கிழக்குத் தொட்டிக்கு மட்டும் சோதனையாக ஒன்று வைக்க அனுமதி வாங்கினார். எஃகுக் குழாய்க்குள் நீளமான விளக்கு. அதைக் கடந்து ஓடும் தண்ணீரில் உள்ள கிருமிகள் அந்த ஒளியில் பெருகும் சக்தியை இழந்துவிடும். மருந்து இல்லை, நெடி இல்லை. கிழக்குப் பகுதிக்குக் குளோரினை நிறுத்த உத்தரவு வந்தது. நான் எதிர்த்துக் குறிப்பு எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"நீங்க என்ன செய்யணுங்கிறீங்க?"

"தினமும் கடைசிக் குழாயில தண்ணி எடுத்துப் பாக்கணும். தொட்டியடியில மட்டும் பாத்தா போதாது."

"சரி. நானும் கூட வரேன்."

அப்படித்தான் தினமும் காலையில் இருவரும் கிழக்குப் பகுதித் தெருக்களில் நடந்தோம். நான் குப்பிகள் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொள்வேன். வெளிக்கிருமி கலந்துவிடாமல் இருக்க அவர் ஸ்பிரிட் விளக்கால் குழாயின் வாயைச் சுட்டுக் கொடுப்பார். வழியெல்லாம் சண்டைதான். குளோரினுக்கு அசையாத, ஓடு மூடிய கிருமிகள் உண்டு, அவை ஒளிக்கு அடங்கும் என்பார் அவர். தண்ணீர் கலங்கியிருந்தால் மண் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளுமே என்பேன் நான். ஆற்று மணலுக்குள் ஊறிவரும் தண்ணீர் எப்போது கலங்கியது என்பார். சில நாள் சண்டை முடிவதற்குள் தெரு முடிந்துவிடும். அப்படி முடிந்துவிட்டதே என்று எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஒரு நாள் குழாயடியில் நின்ற பெண் ஒருத்தி, "இப்பத்தாங்க தண்ணி தண்ணியா இருக்கு" என்றாள். நானும் ஒரு கை ஏந்திக் குடித்தேன். நெடியில்லாத காவிரி. லேசான இனிப்பு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சார் இருக்கு" என்று ஒப்புக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. கடைசித் தெருக் குழாயிலிருந்து எடுத்த தண்ணீரைக் கிருமி வளரும் இளஞ்சூட்டில் அடைகாத்து வைத்திருந்த குப்பிகளில் காற்றுக்குமிழி எழும்பியிருந்தது. மலக்கிருமி இருக்கிறது என்று சந்தேகப்பட அது போதும். விளக்கடியில் எடுத்த குப்பிகளில் ஒரு குமிழியும் இல்லை. காரணம் இருவருக்கும் உடனே புரிந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டு நிறுத்தினால், காலியான குழாய் வெடிப்பு வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளோரின் மிச்சம் இருந்தால் வழியிலும் காவல் இருக்கும். ஒளியைத் தண்ணீர் தன்னோடு எடுத்துப் போக முடியாது.

அவர் ஒரு சாக்கும் சொல்லவில்லை. தானே தொட்டி மேல் ஏறி மருந்தைக் கரைத்தார். அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு வந்திருந்த குழந்தையை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குழந்தை பிழைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சொன்னார்: "எங்க ஊர்லயும் கெணத்த அடைச்சாங்க. எங்க தாத்தாதான் அடைச்சாரு. நான் மதில்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"எட்டு வயசுங்க. வெயிலா இருந்துச்சு. உள்ள போயி தண்ணி குடிச்சேன்."

இதை என்னிடம் அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை என்பதால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

பிறகு இருவரும் சேர்ந்து கமிஷனருக்கு எழுதினோம்: முதலில் விளக்கு, அதற்குப் பிறகு கொஞ்சமாகக் குளோரின், வெடித்த குழாய்களை மாற்றுவது. அது நிறைவேறியது. தை மாதம் அவர் கேட்டார், "உங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசலாங்களா?"

அப்பாவிடம் முதலில் நானே சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. "பையன் நல்லவனா இருக்கலாம்மா. அந்த வீட்டுச் சொம்புல உனக்குத் தண்ணி குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டுக்க."

கேட்டேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"எங்கம்மா குடுக்க மாட்டாங்க. நான் குடுப்பேன்."

"அது பத்தாதுங்க" என்றேன்.

அன்று அது சரியான பதிலாகத்தான் பட்டது. சித்திரையில் அவருக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் ஏறுவதற்கு முன், இன்னும் ஏதாவது சொல்வேனா என்பதுபோல் நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். எத்தனையோ வருடம் காலையில் கிழக்குத் தெருக்களில் குப்பிப் பெட்டியோடு தனியாக நடக்கும்போது, அவருடைய அந்த "நான்" போதுமானதாக இருந்திருக்குமோ என்று யோசித்திருக்கிறேன். பக்கத்தில் யாரோ தர்க்கம் செய்துகொண்டு வருவதுபோல் இருக்கும். வாய்க்குள் பதில்கூடச் சொல்வேன்.

சுனாமிக்குப் பிறகு என்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். கடல் புகுந்த கிணறுகளை இறைத்து மருந்திட வேண்டும். கரண்ட் இல்லை, விளக்கெல்லாம் அங்கே உதவாது. முகாமில் பிளீச்சிங் பவுடர் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல.

மூன்று நாள் கிணறு கிணறாகப் போனோம். அவர் கரைத்து ஊற்றுவார், நான் சோதித்துப் பார்ப்பேன். மகள் கல்லூரியில் படிப்பதாகச் சொன்னார். தன் அம்மா போய்ச்சேர்ந்துவிட்டதையும் சொன்னார். நான் கல்யாணம் செய்துகொண்டேனா என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவரை வேறு ஊர் முகாமுக்கு அழைத்துப் போக லாரி வந்தது.

"ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார்.

"நீங்களும்" என்றேன்.

லாரி உப்பனாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் நான்கு கிணறுகள் பாக்கி இருந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு போனேன்.