பன்னப் பற்றைக்குள் தியாகலிங்கம்

தியாகலிங்கத்தை அறிந்தவர்கள் எல்லோரும் அவனைத் தனிக்கட்டை என்றுதான் சொல்வார்கள். நானும் நான்கு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மனுரேவாவில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான். இரண்டு பேருக்கும் ஒனிஹங்காவில் ஒரே கம்பளித் தொழிற்சாலையில் வேலை. காலையில் என் காரில் வருவான், மாலையில் என் காரில் திரும்புவான். வழி முழுக்க நான்தான் கதைப்பேன்.

என் மனைவி றோஸ்மேரி அவனுக்குப் பெண் பார்ப்பதில் மும்முரமாக இருந்தாள். "ஆளுக்கு முப்பத்தெட்டு வயசு, குடிவெறி இல்லை, சிகரட் இல்லை. இப்பிடி ஒண்டு பழுதாய்ப் போகுதே" என்று புலம்புவாள். போட்டோவைக் கொடுத்தால் மரியாதையாகப் பார்ப்பான். "நல்ல பிள்ளை அக்கா, வேறை ஆருக்கும் பாருங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

1996 ஏப்ரல். அந்த வருடம்தான் எங்கள் ஃபோர்மன் பழக்கிவிட, துவக்கு லைசென்ஸ் எடுத்திருந்தேன். சோதனையில் எனக்கு ஒரு கேள்வியும் பிழைக்கவில்லை. எதைச் சுடுகிறாய் என்று ஐயமறத் தெரியாமல் சுடாதே என்ற விதியை, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில்தான் ஆண் மான்கள் பெண் மான் தேடிக் கத்தும். மான் வேட்டைக்குத் தனியே போகக் கூடாது என்று றோஸ்மேரி ஒற்றைக்காலில் நின்றாள். தியாகுவைக் கேட்டேன்.

"துவக்கைத் தொடமாட்டன். சும்மா வந்து இருக்கிறன்" என்றான்.

நகரத்துக்கு வடமேற்கே, கடற்கரையை ஒட்டிய பைன் காடு. நாங்கள் போய்ச் சேர விடிந்துவிட்டது, ஆனால் பனிப்புகார் விலகவில்லை. தரை முழுக்கப் பைன் ஊசி மெத்தை. நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்காது. மரங்கள் வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி நின்றன. பின்னால் யாரோ வருவது போல இருக்க, இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். இரண்டு தரமும் தியாகுதான்.

விழுந்து கிடந்த மரமொன்றில் அவனை இருத்தி, தொழிற்சாலையில் போடும் ஒறேஞ்ச் அங்கியை மாட்டிவிட்டேன்.

"மச்சான், இதை விட்டு அங்கால இங்கால அரக்காதை. அங்கியையும் கழட்டாதை. நீ ஆர் எண்டு இந்த நிறத்தை வைச்சுத்தான் நான் பிடிப்பன்."

"ஓம்" என்றான்.

நான் மேட்டைச் சுற்றிப் போனேன். அப்போது மான் கத்தியது. வயிறு முட்டச் சாப்பிட்ட தடித்த மனிதன் குறட்டை விடுவது போன்ற சத்தம். முதலில் வலப்பக்கம் கேட்டது, பிறகு இடப்பக்கம், பிறகு எனக்கு மிகக் கிட்ட. மனிதன்தான் என்று சத்தியம் செய்யலாம் போல இருந்தது. ஒன்றையும் காணவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹெலிகொப்டர் வந்தது. விமானப்படைக்காரர் அந்தப் பக்கம் பயிற்சிக்கு வருவார்கள் என்று ஃபோர்மன் சொல்லியிருந்தான். புகாருக்குள் உருவம் தெரியவில்லை. சத்தம் மட்டும் மரநுனிகளை உரசிக்கொண்டு இரண்டு தரம் சுற்றியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைக்கு மேல் சுற்றிய அதே சாதிச் சத்தம். நானே ஒரு கணம் மரத்தோடு ஒட்டிக் குந்திவிட்டேன். அது போன பிறகு மானும் கத்தவில்லை, குருவியும் கத்தவில்லை.

கால் மணித்தியாலம் கழித்து மேட்டிலிருந்து இறங்கினேன். கீழே பன்னப் பற்றைக்குள், அந்தப் பெரணிப் புதருக்குள், மண்ணிறமாக ஒன்று கிடந்தது, மான் படுத்திருக்கும் அளவில். தியாகு இருந்த மரம் அந்தப் பக்கம் இல்லை, ஒறேஞ்ச் நிறம் எங்கேயும் இல்லை. ஆகவே அவனில்லை என்று நானே தீர்மானித்தேன். துவக்கை உயர்த்திப் பாதுகாப்புப் பூட்டை விலக்கினேன். குறிக்கண்ணாடிக்குள் முதுகு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. ஒப்புவித்த விதியெல்லாம் எங்கே போனதோ, விரல் விசைக்குப் போய்விட்டது.

பற்றைக்குள்ளிருந்து தமிழ் கேட்டது.

"அழாதை குஞ்சு. இப்ப போயிடும். அப்பா இருக்கிறன்தானே."

எப்படிப் பூட்டைப் போட்டேன், எப்படிக் கிட்டப் போனேன் என்று தெரியாது. தியாகு தன் மண்ணிறச் சட்டையோடு குப்புறக் கிடந்தான். ஒறேஞ்ச் அங்கியைக் கழற்றி வயிற்றுக்குக் கீழே திணித்திருந்தான். அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. ஹெலி சத்தம் கேட்டால் கொடியில் காயும் சிவப்புச் சேலையை ஓடிப்போய் இழுத்தெடுத்தவர்கள் நாங்கள். வானத்துக்கு நிறம் தெரியக் கூடாது. ஆனால் அவனுடைய இடக்கை வளைந்து எதையோ அணைத்திருந்தது. வலக்கை ஒரு பன்னக் குருத்தைப் பொத்தியிருந்தது. அணைப்புக்குள் ஒன்றுமே இல்லை. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, கண் திறந்திருந்தது. பக்கத்து ஈர மண்ணில், அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி, மானின் புதுக் குளம்படி.

தோளில் தொட்டேன். எழும்பினான். முழங்காலில் ஒட்டிய பைன் ஊசிகளைத் தட்டிவிட்டு, "வெளிக்கிடுவம்" என்றான்.

காருக்குள் ஏறியதும் கத்தினேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"விசரா, கழட்டாதை எண்டனான் எல்லோ? சுட்டிருப்பன்ரா! இன்னும் ஒரு செக்கன்!" சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும்" என்றான் தியாகு. "நீ குறி வைச்சதைப் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்."

"பாத்தனியோ? ஒரு கையைத் தூக்கியிருக்கலாமேடா!"

"எப்பிடித் தூக்கிறது மச்சான்? கையை எடுத்தால் பிள்ளை கத்திப்போடுவாள்."

"எந்தப் பிள்ளையடா?"

தன் வலக்கையை விரித்துப் பார்த்தபடி சொன்னான்.

"என்ரை பிள்ளைதான். ரெண்டு வயசு. அண்டைக்கு ஊரிலை ஹெலி போகுமட்டும் வாயை இறுக்கிப் பொத்தி வைச்சிருந்தனான். போனாப் பிறகு கையை எடுத்தன். அவள் அழேல்லை."