விரதமிருந்த அரோவானா

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் புவனேஸ்வரன் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதகர். மூடி ஒன்றைக் கையில் எடுத்தால் விளக்கின் முன் மூன்று முறை திருப்பிப் பார்ப்பார். ஓரத்தில் முடியளவு பிசிறு இருந்தாலும் அது சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். மாலையில் மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி ஜார்ஜ் டவுனுக்கு வந்து, ஒன்பதாவது மாடியில் இருக்கும் தன் ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் அதே வேலையை மறுபடி தொடங்குவார். இங்கே மூடிக்குப் பதில் மீன்.

வரவேற்பறையின் ஐந்தடித் தொட்டியில் ஓர் அரோவானா இருந்தது. விரல் நீளத்தில் வாங்கியது, ஒன்பது வருடத்தில் முழங்கையைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது. அதற்குக் கடையில் பொட்டலமாக விற்கும் இரை மீன்களை வாங்கிப் போட்டுவந்தார். ஒரு பொட்டலத்தோடு நோய் வந்தது, பதினோரு நாளில் தொட்டி காலியானது. நாள் முழுக்கத் தரம் பார்க்கிற மனிதன் தன் வீட்டுக்குள் பார்க்காத சரக்கை விட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றிலிருந்து இரை மீன் வீட்டிலேயே விளைந்தது.

ஊரில் லோங்காங் மீன் என்பார்கள். சாக்கடையில் திரிகிற கப்பிதான். ஆனால் இவருடைய கப்பிகள் சாக்கடையைக் கண்ணால் பார்த்ததில்லை. பால்கனியில் நான்கு தொட்டிகள். முதலாவதில் தாய் மீன்கள். இரண்டாவதில் குஞ்சுகள். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்து ஆறவிட்ட பிறகுதான் ஊற்றுவார். வேகவைத்த கீரையும் பட்டாணியும் அரைத்து, துணியில் வடிகட்டி, ஊசி முனையளவு கொடுப்பார். இரை நன்றாகச் சாப்பிட்டிருந்தால்தான் இரையைத் தின்கிற மீனுக்குச் சத்து என்பது அவர் கொள்கை. வளர்ந்தவை மூன்றாவது தொட்டியில் பதினான்கு நாள் காவலில் இருக்கும். பதினைந்தாம் நாள் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். செதிலில் புள்ளி, மடங்கிய துடுப்பு, வளைந்த முதுகு, ஒட்டிய வயிறு எதுவும் இல்லாதது பாஸ். அது உள்ளே போய் அரோவானாவின் வாயில் முடியும்.

ஃபெயிலானதை என்ன செய்வது? கழிவறையில் கொட்ட மனம் வரவில்லை. நான்காவது தொட்டி அதற்குத்தான். முதுகு வளைந்தவை, ஒற்றைக்கண் உள்ளவை, வால் இல்லாதவை எல்லாம் அங்கே வேளாவேளைக்குக் கீரை தின்று, பாசி மேய்ந்து, கிழமாகிக்கொண்டிருந்தன.

"உங்க மூடி வார்க்கிற கிலாங்ல பாஸான சாமான் கஸ்டமர் வீட்டுக்குப் போவுது. இங்க பாஸானா நேரா வயித்துக்குள்ள. ஃபெயிலானதுங்கதான் பென்ஷன் வாங்குதுங்க லா," என்பாள் அவர் மனைவி காமினி.

"அது குவாலிட்டி. உனக்குப் புரியாது."

"நல்லவேளை, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப டார்ச் எடுத்துட்டு வரல."

புரட்டாசி வந்தது. மாதம் முழுக்க அந்த வீட்டில் மீன், இறைச்சி, முட்டை கிடையாது. சட்டிகூடத் தனி. அரோவானாவுக்கு மட்டும் விலக்கு இருந்தது. "அது இந்து இல்ல" என்று புவனேஸ்வரன் ஒருமுறை வாதாடி வாங்கிய விலக்கு அது. ஆனால் முதல் சனிக்கிழமை ஒரு விபரீதம் நடந்தது. ஐந்தடித் தொட்டியைத் தாங்கக்கூடிய சுவர் வீட்டில் ஒன்றுதான், சாமி மேடையும் அதே சுவரில். காமினி பெருமாளுக்கு விளக்கேற்றி, எதிர்வீட்டு ரமணியோடு கண்மூடி நின்றாள். பதினைந்தாம் நாள் முடிந்த கப்பி ஒன்றை அந்த நேரம் பார்த்து புவனேஸ்வரன் தொட்டியில் விட்டார். அரோவானா ஒரு துள்ளல் துள்ளியது. தண்ணீர் எகிறி விளக்கில் விழுந்தது. திரி சீறி அணைந்தது.

ரமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காமினி அணைந்த விளக்கையும் கணவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இந்த மாசம் முடியிற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு உயிர் போகக்கூடாது. பெருமாள் முன்னால சொல்லிட்டேன்," என்றாள்.

சொன்னது சொன்னதுதான். புவனேஸ்வரன் சூலியா தெருவுக்குப் பின்னால் மீன் கடை வைத்திருக்கும் ஐமானிடம் போய் உருண்டைத் தீனி வாங்கினார்.

"ஒம்பது வருஷமா உயிர் மீன் தின்னதுண்ணே," என்றான் ஐமான். "இப்பப் போயி உருண்டையக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கும். ரெண்டு வாரம் தாங்கும், மூணு வாரம் தாங்கும். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

அரோவானா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. உருண்டை மிதந்து, ஊறி, கரைந்து, தண்ணீரைக் கலக்கியது. புவனேஸ்வரன் குறிப்பேட்டில் எழுதினார்: நான்காம் நாள், இல்லை. ஒன்பதாம் நாள், இல்லை. பதினோராம் நாள், இல்லை; வயிறு உள்வாங்கியிருக்கிறது.

அவருக்கு ஒரு வழி தோன்றியது. உயிர் போகக்கூடாது என்றுதானே சொன்னாள்? தானாகப் போன உயிரைக் கொடுத்தால் குற்றமில்லை. நான்காவது தொட்டியின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கே இருந்ததெல்லாம் நோயாளியும் கிழமும்தான், ஏதாவது ஒன்று இன்று நாளை என்று இருக்க வேண்டும். ஒன்றும் சாகவில்லை. அவ்வளவு நன்றாக வளர்த்திருந்தார். மூன்றாம் நாள் வளைந்த முதுகுக்காரி ஒருத்தி ஆறு குட்டி போட்டாள். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது: தானாகச் செத்த மீன் அவருடைய சட்டப்படி ஃபெயில். அதை அவரே அரோவானாவுக்குப் போடமாட்டார்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. ரமணிதான் பரப்பினாள். மூன்றாம் சனிக்கிழமை ஐந்தாறு பேர் வந்து தொட்டியின் முன் நின்றார்கள்.

"நாமல்லாம் காப்பி குடிச்சிட்டு விரதங்கறோம். இது பச்சத் தண்ணியிலயே இருக்கு பாருக்கா," என்றாள் ரமணி. "பெருமாள் மொத எடுத்த அவதாரமே மீன்தானே?"

ஒருவர் தொட்டிக்குத் துளசி மாலை சாத்தினார். நாலாவது மாடிக்காரர் பட்டினி நாட்களை எண்ணி லாட்டரிக்கு நம்பர் எடுத்துக்கொண்டு போனார். அரோவானா மூலையில் அசையாமல் நின்றது. பசியில் நிற்பதை எல்லாரும் தியானம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு காமினி தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். சில நாட்களாகக் காலையில் விளக்கேற்றுவதற்கு முன்பே அவள் முதலில் பார்த்தது அந்த வயிற்றைத்தான்.

"என்னங்க, செத்துருமா?"

"இப்படியே போனா செத்துரும்."

"நானே சொல்லிட்டு நானே எப்படிங்க வேணாங்கறது?" துளசி மாலையை ஒதுக்கிவிட்டு மறுபடி வயிற்றைப் பார்த்தாள். "செத்தாலும் வீட்டுல ஒரு உயிர் போனதுதான். நாலாஞ் சனி பூசை முடியட்டும். அப்புறம் நான் சமையக்கட்டுக்குப் போயிடுறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

நான்காம் சனிக்கிழமை, இருபத்தோராம் நாள். மூன்றாவது தொட்டியில் இருந்ததிலேயே சிறந்த கப்பியை அவர் முந்தின நாளே தேர்ந்து வைத்திருந்தார். அகலமான வால், நிமிர்ந்த முதுகு, ஒரு குறை சொல்ல முடியாத பெண் மீன். பூசை முடிந்தது. காமினி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். புவனேஸ்வரன் வலையில் கப்பியோடு பால்கனியிலிருந்து வந்தார். பூசைக்கு வந்திருந்த ரமணி இன்னும் தொட்டியின் முன்னால்தான் நின்றாள், கையில் சுண்டல் தொன்னை.

"விரதம் இருந்தவருக்கு மொதல்ல குடுக்காம நாம திங்கலாமாண்ணே?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு கொண்டைக்கடலையைத் தொட்டியில் போட்டுவிட்டாள். அது நீரைத் தொட்ட கணத்தில் அரோவானா பாய்ந்து கவ்வியது. இன்னொன்று போட்டாள். அதையும் விழுங்கியது.

"உப்பு!" என்று கத்தினார் புவனேஸ்வரன். "உப்பு! கடுகு!"

சமையலறையிலிருந்து ஓடி வந்த காமினி, அவருக்கு அருள் வந்துவிட்டதாக நினைத்துக் கைகூப்பினாள். அவர் வலையிலிருந்த கப்பியைக் குவளையில் விட்டுவிட்டு, தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினார். பிறகு உப்பில்லாமல் கடலை வேகவைத்துக் கொடுத்தார். எட்டு கடலை தின்றது. குறிப்பேட்டில் எழுதினார்: இருபத்தோராம் நாள், உப்பில்லாதது, எட்டு.

ஐப்பசி முதல் நாள் காமினி கோழிக் கறி வைத்தாள். வீடு மணந்தது. புவனேஸ்வரன் அந்தச் சிறந்த கப்பியை முறைப்படி தொட்டியில் விட்டார். அரோவானா அதைப் பார்த்தது. ஒதுங்கிப் போய், ரமணி வழக்கமாக நிற்கும் மூலையில் மேல்நோக்கி நின்றது. மறுநாளும் அப்படியே. கப்பி அரோவானாவின் மீசைக்கு அடியில் மேய்ந்தது, கடலைத் துணுக்கைப் பொறுக்கியது, ஒரு வாரத்தில் அங்கேயே குட்டியும் போட்டது.

"என்னங்க, அப்ப அந்த நாலு தொட்டி எதுக்கு?" என்றாள் காமினி, அடுத்த கோழிக் கறி வைத்த அன்று.

"கொஞ்ச நாள்ல பழகிடும். பழையபடி தின்னும்."

"மீன் திங்காத அரோவானா உங்க சட்டப்படி என்ன? பாஸா, ஃபெயிலா?"

அவர் யோசித்தார். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் பதில் ஒன்றுதான் இருந்தது.

"ஃபெயில்தான்."

"அப்ப ஆயுசு கெட்டி. வாங்க சாப்பிட. கறி ஆறுது."

"இரு, இதோ வரேன்."

வேகவைத்த கடலையை ஒரு தட்டில் பரப்பி, தோலை ஒவ்வொன்றாக உரித்து, டார்ச் அடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாக இருந்தவை அரோவானாவின் கிண்ணத்துக்குப் போயின. உடைந்ததும், நிறம் மங்கியதும், ஓரம் பிசிறியதும் ஃபெயில். அவற்றை அவரே தின்றார். தட்டு முடிந்தபோது கோழிக்கு வயிற்றில் இடமில்லை.