மாமாவின் ரயிலுக்கு விளக்கு போட்டேன்

ரயில் பெட்டிக்குள் விளக்கு எரியவேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவன் நான்தான். மாமா ரயிலுக்கு வெறும் சொந்தக்காரர்.

அம்மாவின் தம்பியான அவர் பூனாவில், போசரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வானவடியில் எங்களோடுதான் இருந்தார். கம்பெனி பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பியபோது, கூடப் போனவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கிவர, இவர் ஒரு பொம்மை ரயிலோடு வந்து இறங்கினார். ஓர் இன்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகத் தண்டவாளம். பெட்டிக்குள் சீட்டெல்லாம் இருந்தது, விளக்கு மட்டும் இல்லை. பத்து வயது நிபுணனான எனக்கு இது ஜெர்மானியர்கள் கவனிக்காமல் விட்ட பிழையாகப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் ஒரு பெட்டியின் கூரையைக் கத்தியால் நெம்பிக் கழற்றினோம். தீபாவளி சீரியல் செட்டிலிருந்து இரண்டு பல்புகளை வெட்டி எடுத்தேன். சக்கரத்தின் அச்சில் உரசும்படி செப்புத் தகடு வைத்து, தண்டவாளத்தில் ஓடும் கரண்டை மேலே இழுத்தோம்.

"ரெண்டு பல்பையும் எப்படிடா சேக்கணும்?"

"ஒவ்வொண்ணுக்கும் நேரா குடுங்க மாமா. ஜோரா எரியும்."

மாமா படித்தது மெக்கானிக்கல். நம்பிவிட்டார்.

ஜோராகத்தான் எரிந்தது. சுவர் வழியாகவும் வெளிச்சம் கசிந்து, பெட்டி முழுவதும் ஆரஞ்சு மிட்டாய்போல ஜொலித்தது. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் தீயும் வாசனை. கூரை அப்பளம்போல நடுவில் வளைந்துவிட்டது.

அம்மா வந்து நின்றாள். "அடப்பாவிங்களா! கிர்க்கியில நமக்காக பஜ்ஜி போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. இங்க ரயில் விடறீங்களா?"

அன்றைக்கு மாமாவுக்குப் பெண் பார்க்கும் நாள். அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் ஒரே காரணத்தால் தட்டிப்போயிருந்தன. பெண்கள் முன்னால் மாமா வாயே திறக்கமாட்டார். கடைசி இடத்தில், "பையனுக்குப் பேச்சு வருமா?" என்று தரகரிடம் விசாரித்தேவிட்டார்கள்.

"இதுவும் தட்டிச்சுன்னா இனிமே நான் அலையமாட்டேன். நீ ரயிலையே கட்டிக்கோ" என்று ரிக்‌ஷாவில் அம்மா எச்சரித்தாள். நான் சட்டையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெட்டி இருந்தது. பேஷண்டை அந்த நிலையில் விட்டுவிட்டு எந்த டாக்டர் வெளியே கிளம்புவார்?

கிர்க்கியில் பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்தாள். டிவி கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலையாம். பெரியவர்கள் பூனாவின் குளிரைப் பற்றிப் பேசி முடித்தார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பேசுடா' என்று அம்மா முழங்கையால் ஓர் இடி இடித்தாள். நடுவில் இருந்தவன் நான். இடி என்மேல் விழ, பெட்டி சட்டையிலிருந்து நழுவிப் பஜ்ஜித் தட்டில் விழுந்தது.

பெண்தான் அதை எடுத்தாள். வளைந்த கூரையைத் தடவினாள். ஜன்னல் வழியே உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"அரே! பல்பை டைரெக்டா குடுத்துட்டீங்களா?"

"ஆமாங்க" என்றார் மாமா. அம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது.

"ஒண்ணு பின்னாடி ஒண்ணா போடணும். வோல்டேஜ் பாதிப் பாதியா பிரிஞ்சிடும், சூடாகாது. உள்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடிங்க. வெளிச்சம் ஜன்னல்ல மட்டும்தான் தெரியும். யாரு இந்த வயரிங் பண்ணது?"

மாமா தயங்காமல் என்னைக் காட்டிக்கொடுத்தார். அதோடு நிறுத்தவில்லை. அச்சு, தகடு, தண்டவாளம், ஜெர்மனி என்று காபி ஆறிப்போகும்வரை பேசினார்.

"உங்க தம்பி நல்லாப் பேசறாரே!" என்றார் பெண்ணின் அப்பா.

"எனக்கே இப்பத்தாங்க தெரியுது" என்றாள் அம்மா.

கிளம்பும்போது பெண் மாமாவிடம், "பெட்டி இங்கயே இருக்கட்டும். சரிபண்ணி வைக்கிறேன், வந்து வாங்கிக்கோங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு மாமா தலையைப் படிய வாரிக்கொண்டு கிர்க்கிக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். பெயிண்ட் காயவில்லையாம். அதற்கடுத்த ஞாயிறு, புது பல்பு கிடைக்கவில்லையாம். அப்புறம் கூரைக்குப் போட்ட பசை ஒட்டவில்லையாம். இங்கே என் ரயில் ஒரு பெட்டி குறைந்து மொட்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாமாவோ கவலையே இல்லாமல் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார்.

எவ்வளவு நாள்தான் பொறுப்பது? கல்யாணத்துக்கு நாள் பார்க்கக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன். வீட்டில் விவரம் தெரிந்த ஒரே ஆள் என்கிற பொறுப்போடு சொன்னேன்:

"அந்த அக்காவுக்கு வேலையே தெரியலம்மா. ரெண்டு பல்பு மாட்ட இத்தனை வாரமா? மாமாவுக்கு வேற பொண்ணு பாரு."