மேல்தளத்தில் எட்டுப் படிகள்

வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்தைப் பொதுநலக் காரியத்துக்குத் தற்காலிகமாகக் கேட்பவருக்கு, அங்கே நிலையான கட்டுமானம் எதுவும் எழாதவரை, பொறுப்பதிகாரி தம் கையெழுத்திலேயே அனுமதி தரலாம். விதி இவ்வளவுதான். குழு கூட வேண்டாம், பொறியாளர் வர வேண்டாம். இப்படிப்பட்ட விதிகளை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியே நான் சம்பளம் வாங்கி ஓய்வும் பெற்றவன். ஆகவே தீயணைப்பு நிலையத் தலைவியிடம், "மூன்று வாரத்தில் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னபோது எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் என் தப்பு.

அவரை நான் சந்தித்ததே ஒரு புகாரால்தான். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. தீ சின்னதுதான். ஆனால் அந்த மாடிப்படி ஒரு ஆளின் தோள் அகலம். நடுவில் ஒரு திருப்பம் வேறு. முதுகில் காற்று உருளையோடு ஏறிய தீயணைப்பு வீரர் திருப்பத்தில் மாட்டிக்கொண்டார். மேலே இருந்தவரால் இறங்க முடியவில்லை. கீழே தெரு முழுக்க விடுமுறைக்கு வந்த தொழிலாளர்கள், ஆளுக்கொரு கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தபடி. போலீஸாரால் வழி ஏற்படுத்த முடியவில்லை. யாரும் சாகவில்லை. புகை குடித்த ஒருவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

நான் பார்த்ததைப் பத்திக்கு எண் போட்டு இரண்டு பக்கம் எழுதித் தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பினேன். தங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டோம் என்று ஒரு வரி வரும், அதற்கு என்ன பதில் எழுதலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வரி வரவில்லை. சீருடையோடு தலைவியே வந்தார். கதவைத் திறந்த என் மனைவி, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க உள்ளே ஓடினாள்.

"அங்கிள், நாலாவது பத்தி வரைக்கும் நீங்க எழுதினது சரி," என்றார். "அஞ்சாவதுல எங்களுக்குப் பயிற்சி இல்லேன்னு போட்டிருக்கீங்க. பயிற்சி நிறைய இருக்கு. அந்த மாதிரி படிதான் இல்ல."

பயிற்சிக் கோபுரத்துப் படிகளில் கல்யாண ஊர்வலமே போகலாமாம். கடைவீடு மாதிரி ஒன்று கட்டித் தரும்படி கேட்டிருக்கிறார். ஒரு வட்டாரத்துக்காக அவ்வளவு செலவு முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"டிசம்பரோட எனக்கு இங்க போஸ்டிங் முடியுது. அடுத்து வர்றவருக்கு இந்த ஏரியா தெரியுமோ தெரியாதோ. அதுக்குள்ள என் ஆளுங்க அந்தப் படியில ஒருத்தரைத் தூக்கிட்டு இறங்கக் கத்துக்கணும், அங்கிள். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துக் கார்பார்க்கின் மேல்தளத்தில்தான் நான் காலையில் நடப்பது. வெயிலுக்குப் பயந்து அங்கே யாரும் காரை விடுவதில்லை. கடைவீடு முழுவதும் எதற்கு? ஒரு படிக்கட்டு, ஒரு திருப்பம், இரண்டு தடுப்புச் சுவர் போதும். எல்லாவற்றுக்கும் அடியில் சக்கரம். வேலை முடிந்ததும் மூலையில் தள்ளிவிடலாம். இதைச் சொன்னதும் அவர் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

செய்ய ஆள் கிடைத்தது அதைவிட ஆச்சரியம். புகை குடித்துக் கிடந்தவர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் தச்சர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அன்று நண்பர்களோடு சமைத்துச் சாப்பிட வந்த இடத்தில் மாட்டியவர். பொங்கல் மேடைக்கு வாங்கி மிஞ்சிய பலகைகளை ஒரு கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். சக்கரம் மட்டும்தான் வாங்கினோம். நான் அந்தக் கடைவீட்டுக்குப் போய் நாடா பிடித்து அளந்து வந்த கணக்கைத் தச்சரிடம் நீட்டினேன்.

"தப்பு சார். செவுத்துக்குச் செவுரு அளந்திருக்கீங்க. கைப்பிடி உள்ள ரெண்டு விரக்கட வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் விலா எலும்பு சொல்லுது."

படிக்கட்டு ஒரு மாதத்தில் ஒரு கிடங்கில் தயாராகிவிட்டது. அனுமதி வரவில்லை. காரணம், நிலையத்தின் பெயரில் போட்ட விண்ணப்பத்தோடு நான் இணைத்த வரைபடம். படிவம் கேட்டது ஒரு கைவரைவு. நான் மூன்று மாலை உட்கார்ந்து தளப்படம், முகப்புப் படம், குறுக்குவெட்டு, வடதிசை அம்புக்குறி எல்லாம் போட்டு, கீழே அளவுகோலும் எழுதி அனுப்பினேன். அதைப் பார்த்த எவரும் மூன்று மாடிக் கட்டடம் எழப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். அனுமதி தரும் அலுவலகமும் நினைத்தது. பொறியாளர் சான்றிதழ் கேட்டது. கூடவே, தீயணைப்புத் தரப்பிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதமும் கேட்டது.

"எனக்கு நானே லெட்டர் எழுதணுமா லா?" என்று சிரித்தார் தலைவி. அதுவும் முடியாது, விண்ணப்பித்தவரே சான்று தரக்கூடாது. கோப்பு இன்னோர் அலுவலகத்துக்குப் போய் அங்கே படுத்துக்கொண்டது. நான் வாரம் ஒரு கடிதம் எழுதினேன், ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதங்களின் தேதியோடு. ஆகஸ்ட் வந்தது. அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. அந்தப் படத்தை உங்ககிட்ட யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வரைபடத்தைத் திரும்பப் பெற்றேன். அதற்கும் ஒரு படிவம் உண்டு. பிறகு, நிலையத்தின் சார்பில், பொருளை நேரில் பார்வையிட வரும்படி அழைத்தேன். விண்ணப்பதாரர் அழைத்தால் அதிகாரி வந்தாக வேண்டும். பார்வையிடலுக்காகப் பொருளை அந்த இடத்திலேயே வைத்து இயக்கிக் காட்டலாம் என்றும் ஒரு துணைவிதி இருக்கிறது. அதை எழுதியவர் இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார். நான் யோசித்தேன். காட்டவேண்டிய கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் கூடும் என்று காரணம் காட்டி ஞாயிறே கேட்டேன்.

செப்டம்பரில் வந்தார் அதிகாரி; இளைஞர், சீனர், சட்டைப்பையில் மூன்று பேனா. மேல்தளத்தில் அவருக்கு எதிரே எட்டுப் படியும் திருப்பமும் நின்றன. மேலே, தூக்குப் படுக்கையில் காயம்பட்டவராகத் தச்சர் படுத்திருந்தார். கீழே கூட்டமாக நிற்க அவருடைய சிநேகிதர்கள் நாற்பது பேர், கைப்பேசியோடு. வழி ஏற்படுத்த ஒரு மலாய் போலீஸ் சார்ஜன்ட்டும் நான்கு பேரும்.

முதல் தடவை, தீயணைப்பு வீரர்கள் திருப்பத்தில் அதே போல மாட்டினார்கள். கூட்டம் ஊளையிட்டது.

"அண்ணே, மெல்ல! நான் என்ன பீரோவா?" என்று தச்சர் மேலிருந்து கத்தினார்.

"பீரோன்னா சத்தம் போடாதுடா!" என்றான் கீழே ஒருவன்.

தலைவி எல்லோரையும் மறுபடி மேலே அனுப்பினார். இரண்டாம் தடவை உருளை கைப்பிடியில் இடித்தது. மூன்றாம் தடவை, கீழ்ப்பக்கம் பிடித்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு படியாகப் பின்னால் கால் வைத்து இறங்கினார். உருளை திருப்பத்தின் காலி மூலைக்குள் போய் உட்கார்ந்தது. தச்சர் பிசிறில்லாமல் வந்துவிட்டார். அதே நேரம், அதுவரை "ப்ளீஸ் மூவ் பேக்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த சார்ஜன்ட், யாரோ காதில் சொல்லிக்கொடுத்ததை உரக்கச் சொன்னார்:

"அண்ணே, உக்காருங்கண்ணே!"

நாற்பது பேரும் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த கூட்டம் முன்னால் தள்ளாது என்பது அன்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவே தெரு போல வழி திறந்தது. தூக்குப் படுக்கை நேராக லிஃப்ட் வரை போனது. அங்கே தச்சர் எழுந்து உட்கார்ந்து இரு கையையும் தூக்கினார். அவர்கள் போட்ட சத்தத்தில் எதிர் புளோக்கில் ஜன்னல்கள் திறந்தன. தலைவி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலும் இருந்தது என்பது உண்மை.

அதிகாரி என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இது நிலையான கட்டுமானமா?"

"தள்ளிப் பாருங்கள்," என்றேன்.

சக்கரப் பூட்டைக் காலால் தட்டி விட்டு, ஒரு கையால் தள்ளினார். எட்டுப் படியும் மூன்று கார் இடங்களைத் தாண்டி உருண்டு போய் நின்றன. அவர் சிரித்தார். ஒரு வரி எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன், பழைய பழக்கம். "நிலையானதல்ல" என்று இருந்தது.

அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். வந்த கடிதத்தில் நான்கே வரி, ஒரே கையெழுத்து. ஞாயிறுதோறும் காலையில் பயன்படுத்தலாம். பொறுப்பில் யார் இருந்தாலும் அனுமதி அந்த நிலையத்துக்கே. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். அனுமதி நிலையத்துக்கே என்ற வரியை நான் தலைவிக்குத் தொலைபேசியில் இரண்டு முறை படித்துக் காட்டினேன். மறுமுனையில் நாள்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எட்டு ஞாயிறு இருக்கு, அங்கிள். நான் போறதுக்குள்ள என் ஆளுங்க எல்லாரையும் அந்தப் படியில இறக்கிடுவேன்," என்றார். கடிதம் வந்தது தீபாவளிக்கு முந்தின நாள், காலை பதினொன்று பத்துக்கு.