தண்ணீர் குடிக்காமல் எழுதிய பரீட்சை

என் அக்கா பஸ் ஓட்டுபவள். அத்தனை பெரிய வண்டியை அடக்கத் தெரிந்தவளுக்குத் தன் சிறுநீர்ப்பையை அடக்க முடியவில்லை. அவசரம் என்று வந்தால் வந்ததுதான். அதற்குச் சிக்னலும் தெரியாது, மேலதிகாரியும் தெரியாது. ஒருநாள் நாற்சந்தி நெரிசலில், இருக்கையிலேயே நனைந்துபோனாள். அதன்பின் டிப்போவில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைதான். அதில் அவளுக்குப் பாதி உயிர் போயிற்று.

மாத்திரைகள் கைகொடுக்கவில்லை. கடைசியாக ஒரு மருத்துவர், முதுகின் அடியில் நரம்பைத் தூண்டும் கருவி வைக்கலாம் என்றார். எல்லோருக்கும் சரிப்படாதாம். முதலில் மெல்லிய கம்பியைச் செருகி, இடுப்பில் சின்னப் பெட்டியோடு சில நாள் விட்டுப் பார்ப்பார்கள். தொல்லை பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. இல்லையென்றால் கம்பியை உருவிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அக்கா இதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டாள். அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்: வண்டியில் ஏறும் நாளில் தண்ணீரைத் தொடமாட்டார்கள். நடுவழியில் இறங்க முடியாதே! கம்பியோடு இருந்த நாட்களில் அதே வித்தையை இவள் வீட்டிலும் காட்டினாள். குடி, குடி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"பிரமாதம்மா! கருவி வச்சிடலாம்" என்றார் மருத்துவர், தொல்லை குறைந்த கணக்கைப் பார்த்துவிட்டு.

உடம்பைக் கிழித்து வைத்தபின் அது வேலை செய்யாவிட்டால்? போட்டு உடைத்துவிட்டேன்.

"டாக்டர், இவ தண்ணியே குடிக்கலை."

அக்கா பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

"தண்ணியே வராத குழாய் ஒழுகலைன்னு சொல்றீங்களேம்மா" என்று மருத்துவர் தலையில் கைவைத்தார். "கம்பி இன்னும் சில நாள் இருக்கட்டும். எப்பவும் போல குடிச்சுட்டு வாங்க."

அந்த நாட்களில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடித்தாள், நடந்தாள், குளியலறைக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். எப்படியிருக்கிறது என்று கேட்டால் இன்னொரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தோற்றால் தங்கைதான் கெடுத்தாள் என்று ஆயுசுக்கும் சொல்வாள். அவளைவிட எனக்குத்தான் பயம்.

திரும்பவும் மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று, பாட்டில் தண்ணீரைக் காலிசெய்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அதே நாற்சந்தியில் வண்டி நின்றுபோனது. முன்னும் நகரவில்லை, பின்னும் நகரவில்லை. அக்கா முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"வருதாக்கா?"

"வருது."

"இறங்கிடலாம் வா. அங்க ஒரு ஓட்டல் இருக்கு."

"சும்மா இருடி." கம்பியிலிருந்து அவள் கை மெல்ல இறங்கியது. "வருது. ஆனா இருன்னா இருக்கு."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். மருத்துவமனை நிறுத்தம் வரும்வரை அவள் எழுந்திருக்கவேயில்லை.